சுளையும் சக்கையும்

நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிற சென்னைக்காரரிடம் வீட்டுக்காரம்மா அன்போடு, "சக்க திங்கியளா?" என்று கேட்டால் அவர் திகைத்துத்தான் போவார். அவர் அறிந்த சக்கை, கரும்புச்சாறு வண்டியின் கீழே கூடையில் கிடப்பது. பிழிந்து எடுத்தபின் யாருக்கும் வேண்டாத மிச்சம். நாஞ்சில் நாட்டிலோ சக்கை என்றால் பலாப்பழம். பலா என்ற சொல் அங்கே தெரியாதது அல்ல. பள்ளிப் புத்தகத்தில் வரும், மேடையில் முக்கனி என்று பேசும்போது வரும். ஆனால் கொல்லைப்புறத்து மரத்திலிருந்து கயிறு கட்டி இறக்குவது சக்கைதான்.

சொல்லுக்குப் போகுமுன் பழத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். பலாப்பழம் ஒரே பூவில் காய்த்தது அல்ல. ஒரு தண்டைச் சுற்றி நெருக்கமாக நிற்கும் நூற்றுக்கணக்கான பெண்பூக்கள் ஒன்றுசேர்ந்து பருத்துத்தான் அது உண்டாகிறது. தோலில் தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்து கருவுற்ற பூ சதைப்பிடித்துச் சுளையாகிறது. கருவுறாமல் போன பூ, சுளைகளுக்கு இடையே வெளிறிய நாராகவும் பட்டையாகவும் நின்றுவிடுகிறது. கிழக்கே நாம் சக்கை என்று ஒதுக்குவது இந்த இரண்டாவதைத்தான். ஆக, சுளையும் சக்கையும் கூடப்பிறந்தவை. மகரந்தம் சரியாகச் சேராத ஆண்டில் பழம் பெரிதாக இருந்தும் உள்ளே சக்கை மிகுந்து சுளை குறைவதன் காரணமும் இதுவே. பேச்சில் இவற்றின் தலைவிதி நேரெதிர். 'சுளையாகப் பத்தாயிரம் வாங்கிவிட்டான்' என்றால் குறைவில்லாத தொகை. 'சக்கையாகப் பிழிந்துவிட்டார்கள்' என்றால் ஆளே மிச்சமில்லை. சினிமாப் படம் சக்கைப்போடு போடும்போது மட்டும் இந்தச் சொல் எப்படியோ பதவி உயர்வு பெற்றுவிடுகிறது.

பலாவுக்கு வருவோம். நிலா நிலவாவது போல, இரா இரவாவது போல, சுறா சுறவாவது போல, செய்யுளில் பலா பலவாகும். நன்னூல் இந்த மாற்றத்துக்கு ஒரு நூற்பாவே வைத்திருக்கிறது. மலையாளத்தில் மரத்தின் பெயர் பிலாவு, பேச்சில் பிளாவு. கன்னடத்தில் ஹலசு, பகரம் ஹகரமாகும் வழக்கமான கன்னட மாற்றத்துக்கு முன் அதுவும் பலசுதான். தெலுங்கில் பனச, மராத்தியில் பணஸ், வடமொழியில் பனசம். பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி தென்மொழிச் சொற்களை ஒரே குடும்பமாக அடுக்குகிறது. இந்தியில் கட்டல், வங்காளத்தில் காட்டால்: இவை முள்ளைக் குறிக்கும் கண்டகம் என்ற சொல்லிலிருந்து கிளைத்தவை, வேறு குடும்பம். பல சுளை உடையதால் பலா என்று திண்ணையில் விளக்கம் சொல்வாரும் உண்டு. மாதுளையில் இல்லாத பலவா?

கபிலருக்கு இந்த மரத்தின்மேல் தனி ஆசை இருந்திருக்க வேண்டும். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே விளைவன நான்கு அங்கே உண்டு என்று அவர் ஒரு பாட்டில் அடுக்குகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சுளை என்ற சொல்லும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டாகத் தேயாமல் இன்றும் கடைத்தெருவில் கிடைக்கிற சொற்களில் அது ஒன்று. குறுந்தொகையின் 18ஆம் பாட்டும் அவருடையதே. சிறிய காம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவது போல, தலைவியின் உயிர் சிறியது, காதலோ பெரியது என்று தோழி சொல்வதாக வரும் பாட்டு அது. காம்பு எப்போது அறும் என்ற பதைப்பு பலா மரத்தடியில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கடல் தாண்டிய கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ரோமானியரான பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், தம் 'இயற்கை வரலாறு' நூலின் 12ஆம் பகுதியில் இந்திய மரம் ஒன்றைப் பற்றி எழுதுகிறார். மரத்தின் பெயர் பலா, அதன் பழத்தை உண்டு ஞானிகள் வாழ்கிறார்கள், பழம் மரப்பட்டையிலிருந்து வெளிவருகிறது, ஒரு பழம் நான்கு பேர் பசியை ஆற்றும் என்கிறார். இதுவரை எல்லாம் நம் பலாவே. ஆனால் இலைக்கு வரும்போது மூன்று முழ நீளம், இரண்டு முழ அகலம் என்கிறார்! அது வாழையிலை. யாரோ சொன்ன இரண்டு மரங்களின் சேதி ஒன்றாகக் கலந்துபோனது போலிருக்கிறது. பின்னாளில் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் இலையைத்தான் நம்பினார். வாழை இனம் ஒன்றுக்கு 'மூசா சேபியன்டம்', அதாவது ஞானிகளின் வாழை என்று பெயர் வைத்தார். பலாவுக்கு வர வேண்டிய மரியாதையை முக்கனியில் இன்னொன்று தட்டிக்கொண்டு போனது.

அதன்பின் வெளிநாட்டார் காதில் பலா என்ற சொல் விழுந்த சுவடு மறைகிறது. அவர்கள் வந்து இறங்கியது மலையாளக் கரையில். அங்கே மரம்தான் பிளாவு, பழம் சக்க. கைதச்சக்க என்றால் அன்னாசி, ஆத்தச்சக்க என்றால் சீத்தா, கடச்சக்க என்றால் ஈரப்பலா. பல சிறு கூறுகள் கூடிச் சதைத்த இத்தகைய பழங்களுக்கு அங்கே சக்க பொதுப்பெயராக இருப்பதைப் பார்க்கும்போது, நாம் கழிவுக்கு ஒதுக்கிய சொல் அவர்களிடம் திரண்ட சதைக்கு நின்றது என்றே எனக்குப் படுகிறது. நாஞ்சில் நாட்டில் இந்த இரண்டு பொருளும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

14ஆம் நூற்றாண்டில் கொல்லத்துக்கு ஆயராக அமர்த்தப்பட்ட பாதிரியார் ஜோர்டானுஸ் இதைச் சாக்கி என்று எழுதினார். அதே காலத்தில் வந்த பயணி இபின் பதூதா இரண்டு பெயர் சொன்னார்: ஷகீ, பர்கீ. தரைக்கு அருகே காய்ப்பது பர்கீ, அதுவே இனிப்பு மிகுந்தது. மேலே காய்ப்பது ஷகீ என்பது அவர் கணக்கு. சிறிது காலம் கழித்துக் கொல்லத்தில் தங்கிய இன்னொரு பாதிரியார் மரிஞ்ஞோல்லி இரண்டையும் சேர்த்துச் 'சாக்கே பருஹே' என்று ஒரே பெயராக்கிவிட்டார். இது வருக்கைச் சக்கை (கெட்டிச் சுளைப் பலா) என்பதை முன்பின்னாக மாற்றிச் சொன்னது என்று கண்டுபிடிக்க நாஞ்சில் நாட்டில் எந்தப் பிள்ளைக்கும் அகராதி வேண்டாம். பதூதா செய்த பாகுபாடு பிசகு. வருக்கை என்பது காய்க்கும் இடத்தைப் பொறுத்தது அல்ல. ஆனாலும் வேர்ப்பலா இனிக்கும் என்று நம் ஊரிலும் சொல்வதால், யாரோ ஒரு தோட்டக்காரர் சொன்னதைத்தான் அவர் எழுதியிருப்பார். கோவாவில் இருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் அது ஜாக்கா. டச்சுக்காரர் வான் ரீடின் மலபார் மூலிகைத் தொகுதியில் மரம் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு சக்கமரமாகவே அச்சேறியது. ஆங்கிலேயர் வாயில் ஜாக், பிறகு ஜாக்ஃப்ரூட். ஜாக் என்று எந்தத் துரையும் இதற்குப் பெயர் கொடுக்கவில்லை.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாபர் தம் நினைவுக்குறிப்பில் இதை அடைத்துத் தைத்த ஆட்டிரைப்பைக்கு ஒப்பிட்டு, திகட்டும் இனிப்பு என்று முகம் சுளித்திருக்கிறார். பிசுபிசுப்புக்காக வாயிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு உண்பார்கள் என்றும் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார். கையும் கத்தியும் சரி. வாயில் எண்ணெய் தடவுபவரை நான் பார்த்ததில்லை.

இந்தப் பழத்தின் சொல்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது பலாவும் அல்ல, சக்கையும் அல்ல. தின்பவர் நாக்கு பிரித்த பிரிவு. கடித்தால் நறுக்கென்று முறியும் கெட்டிச் சுளை வருக்கை. கூழாகி, விரலிடையே நழுவி, கொட்டையோடு தொண்டைக்குள் இறங்கப் பார்க்கும் சுளை கூழன். வருக்கை பழைய தமிழ் இலக்கியத்திலேயே உள்ள சொல். கூழனுக்கு விளக்கம் வேண்டாம். கன்யாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஒரு மரத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே வருக்கையா, கூழனா என்பதுதான். செம்பரத்தி வருக்கை, தேன் வருக்கை என்று உட்பிரிவும் உண்டு. பெயரின் மதிப்பு பலாவைத் தாண்டி மாவுக்கும் பரவி, செங்கவருக்கை என்று ஒரு மாம்பழமே குமரி மாவட்டத்தில் இருக்கிறது. பலா பெயர்போன பண்ருட்டியிலோ, நான் கேட்ட வரையில், வருக்கை என்ற பேச்சே இல்லை. "அண்ணே, சுளை எப்படி?" என்றால், "கெட்டிச் சுளைம்மா, எடுத்து வாயில போட்டுப் பாருங்க" என்று நீட்டுகிறார்கள். பொருள் அதே, சொல் போய்விட்டது.

தமிழின் உள்நாட்டில் மறந்த சொல் இலங்கையில் சிங்களவர் வாயில் வாழ்கிறது. அங்கே கெட்டிச் சுளைப் பழம் வரக்க, கூழ்ச்சுளைப் பழம் வெல. முற்றிய காய் கொஸ், பிஞ்சு பொலொஸ். பருவத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பதிலிருந்தே அது அவர்களுக்குப் பழம் மட்டும் அல்ல, சோறு என்பது தெரியும். மரத்தைச் சோற்று மரம் என்றே சொல்கிறார்கள். ஊர் ஊராகப் பலா நடச் சொல்லித் திரிந்த ஆர்தர் வி. டயஸ் என்பவருக்கு 'கொஸ் மாமா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கொங்கணக் கரையில் கதை தலைகீழ். அங்கே கெட்டிச் சுளை காப்பா; கூழ்ச்சுளைக்குப் பெயர் பர்கா. பதூதாவின் பர்கீயும் இந்தப் பர்காவும் காதில் ஒன்றாகவே ஒலிக்கின்றன, வாயில் வைத்தால் நேரெதிர். ரத்னகிரிக்காரர் பர்கா என்று சொல்லிக் கேட்டு, வருக்கை கிடைக்கப்போகிறது என்று ஒரு குமரிக்காரர் கை நீட்டினால் கையெல்லாம் கூழ்.

பிஞ்சுக்குத் தமிழிலும் ஒரு காலத்தில் பெயர் இருந்தது. பாவாணர் தமிழின் சொல்வளத்தைக் காட்டப் பிஞ்சுகளின் பட்டியல் ஒன்று தருவார்: மாவுக்கு வடு, தெங்குக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல், பலாவுக்கு மூசு. வடுவை ஊறுகாய்ச் சாடி காப்பாற்றியது. மூசு இன்னும் சில வீடுகளில் பலாமூசுக் கறியாக, தேங்காயும் கடுகும் தாளித்து, மிச்சமிருக்கிறது. குமரியில் அதுவே இடிச்சக்கை. ஆசினி என்ற பழைய பலாப் பெயருக்கு வாய்த்தது வேறு விதி. நக்கீரரின் திருமுருகாற்றுப்படையில் பழமுதிர்சோலை அருவி ஆசினிச் சுளைகளை அடித்துக்கொண்டு வருகிறது. இன்றைய அகராதியைத் திறந்தால் ஆசினி என்பதற்கு ஈரப்பலா என்று இருக்கும். ஈரப்பலாவோ பசிபிக் தீவுகளிலிருந்து ஐரோப்பியர் வரவுக்குப்பின் வந்தது. நக்கீரர் அதைக் கண்டிருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் தானாக வளரும் அயனிப் பலாவே பழைய ஆசினியாக இருக்க வேண்டும். பெயரின் ஒலியும் ஒத்துப்போகிறது. குமரியில் இன்றும் அயனிச்சக்கை என்பார்கள். சிறு பழம், ஆரஞ்சு நிறச் சுளை, புளிப்போடு கூடிய இனிப்பு. மரம் தச்சருக்கும் படகு கட்டுபவருக்கும் உயிர் என்பதால் பழத்துக்காக யாரும் அதை விட்டுவைப்பதில்லை.

வருக்கையா, கூழனா என்ற வழக்கில் தீர்ப்பு எப்போதும் வருக்கை பக்கமே சாய்கிறது. ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட பாலூர் 1, பேச்சிப்பாறை 1 ரகங்களைத் தேடி வாங்கி நடுகிறவர்கள், கூழன் மரத்தை வெட்டிக் கதவு செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நறுக்கித் தட்டில் வைக்கவும் எண்ணெயில் வறுக்கவும் வருக்கைதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெல்லமும் நெய்யும் விட்டு உருளியில் கிளறும் சக்கவரட்டிக்கு, அரிசிமாவோடு பிசைந்து இலையில் பொதிந்து அவிக்கும் அப்பத்துக்கு, கூழனின் சாறும் மணமும் வருக்கைக்கு வராது. கத்தி வேண்டாம், கையால் பிளந்து, குனிந்து நின்றுகொண்டு சுளையை உறிஞ்ச வேண்டும். சட்டை போனால் போகட்டும்.

போர்த்துகீசியர் கொண்டுபோன ஜாக்கா பிரேசிலில் வேர்விட்டு, ரியோ நகரையொட்டிய திஜுக்காக் காட்டில் அடக்க முடியாமல் பரவி நிற்கிறது. அங்கே சந்தையில் கேட்டாலும் இரண்டு வகைதான் சொல்வார்கள். ஜாக்கா டூரா என்றால் கெட்டி, ஜாக்கா மோலி என்றால் குழைவு. சக்கை என்ற பாதி கப்பலேறியது, வருக்கையும் கூழனும் கரையிலேயே நின்றுவிட்டன. அங்கே தின்றவர்கள் தங்கள் சொல்லில் அந்தப் பிரிவை மறுபடி போட்டுக்கொண்டார்கள். மோலிக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்களாம்.