அடைத்த சன்னலும் கணவாய்க் காற்றும்

கடலில்லாக் கோவையில் ஒருகாலத்தில் கப்பல் நின்றது என்றால் நம்புவோர் அரிது. பீளமேட்டில் 1940-இல் அமைந்த விமானத் திடலை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை தன் விமானப் பழுதுபார்ப்புத் தளமாக்கிக் கொண்டது. தரையிலுள்ள தளங்களுக்கும் கப்பலின் பெயர் சூட்டுவது அக்கடற்படையின் மரபு. அவ்வழியே பீளமேடு ‘கருடா’ ஆயிற்று; சூலூர் ‘வைரி’ ஆயிற்று. தமிழில் வைரி என்பதும் ஒரு வேட்டைப் பறவையே!

போர் முடிந்தது, கடற்படை சென்றது, ஓடுபாதை நின்றது. அவிநாசி சாலை நெடுகிலும் ஊர் வளர்ந்தது. 1951-இல் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, 1966-இல் அரசு மருத்துவக் கல்லூரி என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ‘சிவில் ஏரோடிராம் அஞ்சல்’ என்னும் முகவரியே அவ்வரலாற்றின் எச்சம். 1980களில் ஓடுபாதை நீட்டப்பட்டு ஜெட் விமானங்கள் இறங்கத் தொடங்கியபோது, கீழே வயல்கள் இல்லை. வீடுகளும் வகுப்பறைகளும் இருந்தன.

இரைச்சலுக்கு வீட்டைக் காப்பது என்னும் எண்ணம் அரசின் கடமையாக உருக்கொண்டது இங்கிலாந்தில் எனலாம். இலண்டன் ஹீத்ரோ நிலையத்தைச் சூழ்ந்து வாழ்வோரிடம் 1961-இல் ஆய்வு நடத்தப்பட்டது. ஆலன் வில்சன் தலைமையிலான குழு 1963-இல் அறிக்கை தந்தது. 1966 முதல் அருகிலுள்ள வீடுகளுக்கு ஒலிகாப்பு மானியம் வழங்கப்பட்டது. இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிச் சன்னல், அதனோடு காற்றை உள்ளிழுக்கும் கருவி. இவையே அதன் சாரம். சன்னலை அடைத்தபின் மூச்சுக்கு வழி வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

அதைக் கொங்கு மண்ணுக்கு அப்படியே பெயர்த்து நட முடியுமா? ஒலியைத் தடுப்பது கனம். சுவரின் எடையை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 5 அல்லது 6 டெசிபெல் குறையும். இவ்வகையில் நம் மதுக்கரைச் சிமெண்டுக்கும் பங்குண்டு. ஆனால் ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் போதும்; எஞ்சிய சுவர் எத்துணைத் தடித்ததாயினும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. நம் தொட்டிக்கட்டு வீட்டுக்கு மண்சுவர் தடித்ததுதான். எனினும் நடுவே வாசல் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மேலே ஓட்டுக்கு ஓடு இடுக்கு. விமானமோ மேலிருந்து வருகிறது.

இதனினும் பெரிய சிக்கல் காற்று. மதுக்கரை பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. ஆனி, ஆடியில் இங்கு நுழையும் காற்றே கோவையின் வெக்கையைத் தணிக்கிறது. நம் முன்னோர் அதற்காகவே சன்னல் வைத்தனர். விமானமும் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். ஆகவே பீளமேட்டு ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கிறது. காற்றின் வழியும் இரைச்சலின் வழியும் ஒன்றாயின. காற்றுக்குத் திறந்த சன்னலே இரைச்சலுக்கும் திறந்த சன்னல். அதை அடைப்பவர் குளிர்சாதனமும் மின்கட்டணமும் தாங்க வல்லவராக இருத்தல் வேண்டும். ஓட்டு வீட்டுக்காரருக்கு அது ஆகுமா?

தொல்காப்பிய உரியியல் அரவப் பொருளில் நான்கு சொற்களைத் தருகிறது. ‘ஒலிகாப்பு’ என்பதற்கோ நாம் இப்போதுதான் சொல் ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர்கள் பழகிவிட்டோம் என்பார்கள். குழந்தைகள் செய்தி வேறு. மியூனிக் நகரின் பழைய நிலையம் 1992-இல் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறந்தது. இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஆய்வாளர் தொடர்ந்து சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். பழைய இடத்துப் பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின; புதிய இடத்துப் பிள்ளைகளுக்கு அவை தளர்ந்தன. மானியம் முதலில் செல்ல வேண்டிய இடம் பள்ளியே என்பது நம் துணிபு.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டன. 2018-இல் விமான நிலையச் சூழலுக்கெனத் தனி வரம்பு வந்தது: போக்குவரத்து மிகுந்த நிலையங்களுக்கு இரவில் 65, ஏனையவற்றுக்கு 60. ஹீத்ரோவைப் போலச் சன்னலுக்கு மானியம் அதில் இல்லை. வரம்பு உயர்ந்தது, வீடு அப்படியே நின்றது.

இப்போது பீளமேட்டு நிலையத்தின் விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டுள்ளது. எடுத்த நிலத்துக்கு இழப்பீடு உண்டு. வேலிக்கு வெளியே எஞ்சும் பள்ளிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் என்ன? ஓட்டின் கீழ் ஒரு கனத்த உட்கூரை, ஓடுபாதைக்குப் புறங்காட்டிய வகுப்பறை, வளைந்து காற்றை மட்டும் விடும் ஒலி உறிஞ்சும் குழாய்: இவற்றுக்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டா. வரைபடம் இடும்போதே கேட்டால் கோவைக் கொத்தனார் கட்டித் தருவார்.