ஐந்துக்கு மேலே

கடந்த பனிக்காலத்தில் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி கைத்தொலைபேசியை நீட்டி, “மாமா, இது கூடாதோ?” என்று கேட்டாள். தகப்பனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. மருந்தேற்றத் தொடங்கி மூன்றாம் கிழமை. டென்மார்க்கில் இரத்தப் பரிசோதனை முடிவைச் சுகாதார இணையத்தளத்தில் நாங்களே பார்க்கலாம், சில வேளை வைத்தியரைக் காண முன்னரே. சி.இ.ஏ. என்ற வரியில் எண் ஏறியிருந்தது. தகப்பனுக்கு அந்த டேனிஷ் விளங்காது. விளங்கியவள் நித்திரை கொள்ளவில்லை.

அந்த எண் பிறந்தது மொன்றியாலில். 1965இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் பில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன் என்ற இருவர், குடலை ஒரு காரணத்தோடுதான் தேர்ந்தார்கள். அறுவையில் வெட்டியெடுக்கும் குடல்துண்டில் கட்டியும் இருக்கும், நோயில்லாத பகுதியும் இருக்கும். இரண்டும் ஒரே மனிதருடையவை. ஆளுக்காள் உள்ள வேறுபாட்டைப் புற்றுநோயின் அடையாளமென்று பிழையாக எண்ண இடமில்லை. கட்டியின் சாற்றை முயல்களுக்கு ஏற்றினார்கள். முயலின் குருதியில் உண்டான எதிர்ப்புப் பொருள்களில், நல்ல குடலோடு ஒட்டுபவற்றை நீக்கினார்கள். மிஞ்சியவை கட்டியில் இருந்த ஒரு பொருளைப் பிடித்துக் காட்டின. அதே பொருள் வயிற்றிலுள்ள கருவின் குடலிலும் இருந்தது. புற்றையும் கருவையும் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1969இல் அதைக் குருதியில் அளக்கவும் முடிந்தது. ஒரு துளி இரத்தத்தில் நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பெரிய நம்பிக்கை எழுந்தது, அது நிலைக்கவில்லை. புகைப்பவருக்கும் இந்த எண் கூடும், ஈரல் நோயாளிக்கும் கூடும். புற்றுநோய் உள்ள சிலருக்கோ கூடுவதேயில்லை. நோயைத் தேடுவதற்கு உதவாத அந்தச் சோதனை, தெரிந்த நோயைப் பின்தொடர்வதற்கு மட்டும் தங்கிவிட்டது. என் பார்வையில் அதுவே அதற்குச் சரியான வேலை. லீற்றருக்கு ஐந்து மைக்ரோகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. ஆனால் பரவிய நோயில் ஐந்தைத் தாண்டியதா என்பதைவிட, அதே ஆளின் எண்கள் மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகின்றன என்பதையே வைத்தியர்கள் பார்ப்பார்கள்.

இந்தப் பிள்ளைக்குத் தெரியாதது இன்னொன்றும் இருந்தது. மருந்து வேலை செய்யும்போதே முதல் சில கிழமைகளில் எண் ஏறுவது உண்டு. சாகும் கலங்கள் தம்மிடம் உள்ளதைக் குருதியில் கொட்டுவது அதற்குக் காரணமாகலாம். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. ஆகையால் ஏற்றத்தைக் கண்டவுடன் மருந்தை நிறுத்துவதுமில்லை, மகிழ்வதுமில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

சி.இ.ஏ. கலத்தின் பொருள் என்றால், கலத்தின் எழுத்தையே தேடியவர்களும் உண்டு. குருதியில் டி.என்.ஏ. தனியாக மிதப்பதை 1948இலேயே மாண்டல், மெத்தே என்ற இரு பிரெஞ்சுக்காரர் எழுதிவிட்டார்கள். நீண்ட காலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதைப் பரவிய குடற்புற்றுநோயில் பொறுமையாக அளந்த இடங்களில் ஒன்று எங்கள் யூலன்டின் வைலே வைத்தியசாலை. அங்கே காரன்-லீஸ ஸ்பின்ட்லர், அனஸ் யாக்கப்சன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள், செற்றுக்சிமாப், இரினோற்றெக்கான் மருந்துகள் பெற்றவர்கள். மருந்துக்கு முன்னரே மிதக்கும் டி.என்.ஏ. கூடுதலாக இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். கேராஸ் என்ற மரபணுவின் மாற்றத்தையும் அதே குருதியில் தேடினார்கள். அந்த மாற்றம் உள்ள கட்டியில் செற்றுக்சிமாப் பலிக்காது. இந்த டி.என்.ஏ. சில மணி நேரத்துக்குள் அழிந்துவிடும், சி.இ.ஏ. குறைய நாட்கள் எடுக்கும். எனவே டி.என்.ஏ. சொல்வது ஏறக்குறைய இன்றைய செய்தி.

வைலே எங்கள் ஆட்கள் வாழும் ஊர். அந்த வைத்தியசாலையைக் கடந்து எத்தனையோ முறை வேலைக்குப் போயிருக்கிறேன். உள்ளே இது நடந்தது எனக்குத் தெரியாது.

பிள்ளைக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. “ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதே, ஸ்கேன் எப்போதென்று கேள்” என்றேன். பக்கத்து அறையிலிருந்து தகப்பன், “என்னவாம்?” என்று கேட்டார். “வியாழக்கிழமை திரும்ப இரத்தம் எடுப்பினமாம், அப்பா” என்றாள்.