வராத பதிவுகள்: தணிக்கை லாக் வரலாற்றில் டென்னிங் கொள்கையின் எல்லை

கணினி வலையமைப்புகளின் பாதுகாப்புத் தணிக்கைப் பதிவுகள், அதாவது லாக்குகள், வளர்ந்த விதத்தை எழுதுவோர் பெரும்பாலும் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டோரதி டென்னிங் 1987இல் வெளியிட்ட ஊடுருவல் கண்டறிதல் மாதிரியையே அச்சாணியாக வைக்கிறார்கள். அத்துமீறல் எப்போதும் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கையாக வெளிப்படும், ஆகவே வழக்கம் மீறிய பதிவுகளைத் தேட வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். கோடிக்கணக்கில் குவியும் வரிகளைச் சலித்தெடுக்க இது பெரிதும் உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அத்துமீறியவன் பதிவையே நிறுத்திவிட்டால் இக்கொள்கை தடுமாறுகிறது.

டென்னிங்கின் மாதிரியில் ஒரு பதிவுக்கு ஆறு உறுப்புகள்: யார், என்ன செய்தார், எதன்மேல், என்ன பிழை நேர்ந்தது, எவ்வளவு வளம் செலவானது, எப்போது. ஆறும் வந்து சேர்ந்த பதிவைப் பற்றியவை. இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அவர் வகுத்த விதிகளில் சில, பதிவு வந்ததும் இயங்காமல், குறித்த கால இடைவெளியில் இயங்குபவை. ஒரு நாள் முழுதும் எண்ணிக்கை சுழியாக இருந்தால் அதுவும் பிடிபடுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆயினும் போதாது. அந்தச் சுழி பயனரின் கணக்கில் ஏறுகிறதே தவிர, பதிவை அனுப்பும் கருவியின் கணக்கில் ஏறுவதில்லை. எழுத்தர் விடுப்பில் போனாலும் சுழி. சர்வரின் லாக் துண்டிக்கப்பட்டாலும் சுழி. கண்காணிக்கப்படும் கணினி பதிவுகளை ஒழுங்காக ஆக்கி அனுப்பும் என்பது டென்னிங்கின் எடுகோள். அந்த எடுகோளை அவர் சோதிக்கவில்லை.

இத்தனைக்கும் பதிவே வராத நிலையை, டென்னிங்குக்கு முன்பே கணினிப் பாதுகாப்பு பற்றி எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் 1980லேயே தொட்டுவிட்டார். கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்பு பற்றிய அவரது அறிக்கை அவ்வாண்டு பிப்ரவரி 26 தேதியிட்டது, ஏப்ரல் 15இல் திருத்தப்பட்டது. எப்பகுதி திருத்தத்தில் சேர்ந்தது என்பதை அறிக்கையை மட்டும் கொண்டு துணிய இயலாது. உள்ளிருந்து கெடுப்பவர்களை அவர் மூவராகப் பிரிக்கிறார்: ஆள்மாறாட்டக்காரர், தமக்குள்ள உரிமையைத் தவறாகப் பயன்படுத்துபவர், தணிக்கைப் பதிவுக்கே எட்டாமல் மறைந்து இயங்குபவர். மூன்றாமவரைப் பிடிக்க லாக் உதவாது, செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் மொத்தப் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும் என்பது ஆண்டர்சனின் யோசனை. டென்னிங் வழிவந்த மரபு முதல் இருவரையே பெரிதும் பின்தொடர்ந்தது.

வந்து சேர்ந்த பதிவிலும் விடுபடல் உண்டு என்பதைக் காண, இவ்விடத்தில் ஒரே ஒரு பதிவு வரியை நெருங்கிப் பார்க்க வேண்டும். லாக் வரிகளை வலையமைப்பு வழியே அனுப்பும் சிஸ்லாக் வழக்கத்தை முதலில் ஆவணப்படுத்திய ஆர்.எஃப்.சி. 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம், 2001 ஆகஸ்டில் வெளியானது. அதன் ஆசிரியர் கிறிஸ் லான்விக் தம் பெயரையே இட்டு எழுதிய மாதிரி வரி <34> என்ற எண்ணுடன் தொடங்குகிறது. இதில் துறை எண் 4ஐ எட்டால் பெருக்கி, கடுமை எண் 2ஐக் கூட்டியிருக்கிறார்கள். உள்நுழைவு, உரிமை தொடர்பான கடும் செய்தி என்று பொருள். அடுத்து அக்டோபர் 11, 22:14:15. பிறகு கணினியின் பெயர், நிர்வாகி உரிமை கோரிய முயற்சி தோற்றது என்ற செய்தி. ஆண்டு இல்லை, நேர மண்டலமும் இல்லை. வெறும் ஆட்சியாண்டு தரும் பாண்டியர் கல்வெட்டில் எந்தச் சடையவர்மன் என்று திண்டாடியவர்களுக்கு இச்சிக்கல் புதிதல்ல.

2009 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 5424 இதே வரியை மீண்டும் எடுத்தாள்கிறது. எண் அதே 34, நாளும் மணியும் அவையே. ஆனால் இப்போது 2003 என்ற ஆண்டும், நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கும், பொது நேரக் குறியும் சேர்ந்திருக்கின்றன. 2001இல் அச்சான வரி 2003இல் நிகழ்ந்திருக்க முடியாது; ஆண்டு பின்னர் ஏற்றப்பட்டது. மாதிரி வரிதானே என்று விட்டுவிடலாம். ஆயினும் பழைய வடிவில் உள்ள லாக்கை இன்று புதிய சேமிப்பகத்தில் ஏற்றும் எந்த மென்பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறது: இல்லாத ஆண்டைத் தானே ஊகித்து எழுதுகிறது. டிசம்பர் 31 இரவில் வந்த வரிகள் ஜனவரியில் ஏற்றப்படும்போது தவறு நேரும் வாய்ப்பு அதிகம்.

அதைவிடப் பெரிய குறை, அந்தப் பழைய முறை வரிகளை யூ.டி.பி. என்ற நெறிமுறை வழியே அனுப்பியது. ஒப்புகை கிடையாது, வழியில் தொலைந்த வரி தொலைந்ததாகவே தெரியாது. விடுபட்ட செய்திகளைக் கண்டறிய வழிசெய்யும் கையொப்பமிட்ட சிஸ்லாக்கை 2010இல் ஆர்.எஃப்.சி. 5848 வகுத்தது.

பதிவு வராமற்போனதற்குத் தமிழ்நாட்டுச் சான்று கும்பகோணத்தில் உள்ளது. 2018 பிப்ரவரி 7 அன்று கணக்குகளை ஒத்துப்பார்த்தபோது, ஸ்விஃப்ட் என்ற வங்கிகளுக்கிடையிலான செய்தி வலையமைப்பு வழியே தான் அனுப்பாத மூன்று பணப்பரிமாற்றங்கள் நடந்திருப்பதை அங்குள்ள சிட்டி யூனியன் வங்கி கண்டது. நியூயார்க் வழியே துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. 3 லட்சம் யூரோ துருக்கிக்கும் 10 லட்சம் டாலர் சீனாவுக்கும் போயின. முந்தைய நாளே ஏன் தெரியவில்லை? ஸ்விஃப்ட்டுடன் இணைந்த அச்சுப்பொறி முடக்கப்பட்டிருந்ததால் ஒப்புகைத் தாள்கள் வரவில்லை என்று அப்போது செய்தி வந்தது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் களவுபோனபோதும் அச்சுப்பொறி இப்படித்தான் முடங்கியிருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது வங்கியின் அன்றாட வேலை. அங்கே வழக்கம் மீறியது, அச்சாகாத தாள்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் நுழைந்த நிகழ்வில் சான்று இன்னும் குறைவு. நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதை, கணினிப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. தீநிரல் நுழைந்த நாள் அந்த அறிக்கையில் இல்லை. ஆயினும் தகவல் வெளியிலிருந்து வந்தது என்பதே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது: முறையான பயனரின் கணினியில் குடியிருந்த நிரல், உள்ளே இருந்தவர்கள் கண்ணில் படும்படி வழக்கத்தை மீறவில்லை என்றே கருதுகிறேன். பதிவு இருந்தும் யாரும் படிக்கவில்லை என்ற மாற்று விளக்கத்தையும் தள்ளிவிட முடியாது.

படிக்காமல் விடுவதற்குப் பதிவின் அளவு ஒரு சாக்காகிவிடக் கூடாது. நொடிக்கு 1,000 வரி வரும் வலையமைப்பில் ஒரு நாளில் 8.64 கோடி வரிகள். வரிக்கு 300 பைட் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 ஜிபி. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று விதித்த 180 நாள் சேமிப்புக்கு, சுருக்காமல் வைத்தால் 4.7 டெராபைட் வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்கச் சாதாரண வரிகளை வாசலிலேயே கழிக்கிறார்கள். கழித்த பிறகு, கருவி உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும் வரிகளும் போய்விடுகின்றன. கருவி வாரியாக மணிக்கு எத்தனை வரி வந்தது என்ற எண்ணிக்கையையாவது கழிப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டும். அதற்கு ஆகும் இடம் மிகச் சொற்பம்.

டென்னிங் விட்ட இடத்தை இந்தியக் கம்பெனிக் கணக்கு விதி பிடித்துக்கொண்டது. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் நாளுடன் பதிவாக வேண்டும், அப்பதிவு முடக்க இயலாததாக இருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று குறிக்கப்பட்டு, 2022க்கும் பிறகு 2023க்கும் தள்ளிப்போனது. ராஜபாளையம் பக்கம் தளவாய்புரத்தில் நைட்டி தைத்து அனுப்பும் தொழில் நடத்துவோர், பிரைவேட் லிமிடெட் என்று பதிந்திருந்தால், இவ்விதிக்கு உட்பட்டவர்களே. தனிநபர் உரிமை நிறுவனங்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது.

கம்பெனித் தணிக்கை விதிகளின் 11(ஜி) விதி தணிக்கையாளர் அறிக்கையில் கேட்பது, அந்தப் பதிவு ஆண்டு முழுதும் இயங்கியதா என்பதையும் சேர்த்துத்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தணிக்கையாளர்கள் திருத்தங்களைப் பார்ப்பதற்கு முன், எந்தெந்த நாள்களில் ஒரு வரியும் விழவில்லை என்ற பட்டியலை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.