குருக்கள்பட்டிச் சிறையும் பெத்லகேம் தொழுவமும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருக்கிறது குருக்கள்பட்டி. மதுரையை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆண்ட காலத்தில், 1714-15 வாக்கில், இத்தாலியத் துறவி ஒருவர் இங்கே சிறைப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால் தமிழுக்குத் ‘தேம்பாவணி’ கிடைத்திருக்காது. அவர்தான் வீரமாமுனிவர்.

1726-ல் நிறைவேறிய அந்தக் காப்பியத்தில் 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். பாட்டுடைத் தலைவன் இயேசு அல்லர்; அவரை வளர்த்த தச்சர் சூசையப்பர். காப்பியம் அவரை ‘வளன்’ என்கிறது. விவிலியத்தில் சூசையப்பர் வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. பேசாத அந்த மனிதரைக் காப்பியத் தலைவனாக்கினார் முனிவர். பிறப்புக் கதை முழுவதையும் அருகிலிருந்து பார்த்தவர், குழந்தையைத் தோளில் சுமந்தவர் அவர்தானே!

நான்கு நற்செய்திகளில் மாற்கும் யோவானும் பிறப்பைக் கதையாகச் சொல்லவில்லை. மத்தேயு சூசையப்பரின் கனவையும், ஞானிகளையும், அரசன் ஏரோதின் வாளையும், எகிப்துக்கு ஓடியதையும் சொல்கிறார். தீவனத் தொட்டியில் கிடந்த பிள்ளையும், ஆட்டுக்கிடையிலிருந்து ஓடிவந்த இடையர்களும் லூக்கா தருபவை. இரண்டும் சேர்ந்ததுதான் இன்று தேவாலயங்களில் வைக்கோலும் ஓலையுமாக நாம் பார்க்கும் குடில். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அந்தக் காட்சியை அமைத்தார்.

இந்தக் கதை விசுவாசத்துக்கு ஏன் இத்தனை முக்கியம்? கிறிஸ்து மனித உடல் எடுத்ததுபோல் தோன்றினாரே தவிர, உண்மையில் எடுக்கவில்லை என்று தொடக்க நூற்றாண்டுகளிலேயே சிலர் வாதிட்டார்கள். மரியாளின் வயிற்றில் பிறந்தவர், பசித்தவர், அழுதவர் என்பதே திருச்சபை சொன்ன பதில். 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கம் ஏற்ற விசுவாச அறிக்கையிலும் மரியாளின் பெயர் இடம்பெற்றது. பிறப்பு மெய்யில்லை என்றால் சிலுவையில் பட்ட வலியும் மெய்யில்லை. உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்காவின் நம்பிக்கை தொழுவத்தில் வேர்விட்டிருக்கிறது.

இதைத் தமிழருக்குச் சொல்ல முனிவர் தேர்ந்த வழி காப்பியம். யூதேயா நாட்டை மழையும் ஆறும் வயலுமாக, நம் கவிகள் மருத நிலத்தைப் பாடும் முறையில் பாடினார். சங்கரன்கோவிலின் கோமதி அம்மன் ஊசிமுனையில் நின்று தவம் செய்த கதையை ஆடித்தபசில் ஆண்டுதோறும் கண்ணாரக் காணும் மண் இது. சிறையில் பிறந்த கண்ணனையும் சரவணப் பொய்கையில் தவழ்ந்த முருகனையும் அறிந்த மக்களுக்குக் கடவுளைக் குழந்தையாகக் கொஞ்சுவது புதிதல்ல. இடம் கிடைக்காமல் தொழுவத்தில் ஒதுங்கி, அரசனுக்கு அஞ்சி அயல்நாடு ஓடிய ஏழைக் குடும்பத்தில் அந்தக் குழந்தையைக் காட்டியதுதான் புதிது. கரிசல் காட்டில் கூலிக்கு உழைத்தவனும் ‘இவர் எங்களில் ஒருவர்’ என்று உரிமை கொண்டாட அந்த வறுமை இடம் தந்தது.

கோட்பாட்டை மனப்பாடம் செய்யலாம். பிள்ளையைக் கையில் ஏந்தத்தான் முடியும். சிறைக்குள் மரணத்தைப் பார்த்துத் திரும்பியவர் பிறப்பைப் பாட உட்கார்ந்தார் என்பதே தேம்பாவணியின் பெருமை.

முனிவர் போட்ட பாதையில், பாளையங்கோட்டையில் பிறந்த ஒரு கவிஞர் 1800-ல் பெத்லகேமைக் குறவஞ்சியாகவே பாடினார். வேதநாயகம் சாஸ்திரியாரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)