பாட்டுக் கேட்டு வளர்ந்த மட்டாஞ்சேரி

ஒரு தலைமுறையார் தம் பால்யத்தை நினைவுகூரும்போது, அக்காலத்தில் தம் கைக்கு எட்டிய பண்டங்களைச் சொல்லித் தொடங்குவதே உலக வழக்கம். பம்பரமும் கோலியும் தீப்பெட்டிப் படங்களும், சற்றுப் பின்னால் வந்தவர்களானால் சினிமா நட்சத்திரத்தைப் பார்த்துத் தைத்துக்கொண்ட சட்டையும் வாரிக்கொண்ட தலைமயிரும் அந்தப் பேச்சிலே முன்னிற்கும். எர்ணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து மேற்கே சென்றால் வரும் மட்டாஞ்சேரியில், 1950களிலும் 1960களிலும் சிறுவராயிருந்தவர்களின் ஸ்மரணையோ காதின் வழியாகவே திரும்பி வருகிறது. எந்தச் சாயாக்கடையில் எந்தப் பாட்டை முதலில் கேட்டார்கள், எந்தக் கல்யாண வீட்டுப் பந்தலுக்கு வெளியே இரவெல்லாம் கால் கடுக்க நின்றார்கள் என்பவற்றைக் கொண்டே அவர்கள் தம் வயதைக் கணக்கிடுகிறார்கள். இவ்வூரின் சரித்திரத்தை எழுதியவர்கள் மிளகையும் துறைமுகத்தையும் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அதன் பாட்டுக்கும் அந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் உரியது என்பது என் துணிபு.

மலையாளம் வழங்கும் சீமையில் ஹிந்தி சினிமாப் பாட்டு எங்ஙனம் ஓர் ஊரின் குழந்தைப் பருவத்துக்கே சொந்தமாயிற்று என்பதை அறிய, அங்கே குடியேறியவர்களின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொடுங்கல்லூரின் பழைய துறையைத் தூர்த்துக் கொச்சிக்கு வாயில் திறந்து விட்டதாகச் சொல்வார்கள். அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் இந்தக் கரையை நாடி வராத வணிகர் இல்லை. 1568இல் யூதர் தம் ஆலயத்தை எழுப்பினர். போர்த்துகீசியரின் கொடுமைக்கு அஞ்சிக் கோவாவை விட்டு வந்த கொங்கணியர் திருமலைக் கோயிலைச் சுற்றிக் குடியமர்ந்தனர். குஜராத்திகளும் கச்சி மேமன்களும் பண்டகசாலைகளைக் கட்டினர். தக்கணி உருது பேசும் குடும்பங்கள் வந்தன. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்பை வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் வண்ணார்கள் கோட்டைக் கொச்சியின் வேலிப் பகுதியில் இன்றும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பாஷை வேறாயிருந்த இந்தச் சிறிய நிலப்பரப்பில் தெருவின் பேச்சு மலையாளமே. ஆயினும் பம்பாயோடு கப்பலாலும் கடிதத்தாலும் நாள்தோறும் உறவு வைத்திருந்த வணிகர் வீடுகளில் ஹிந்துஸ்தானி சங்கீதம் முன்பே குடிபுகுந்திருந்தது. கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் படங்களில் சைகலும் பங்கஜ் மல்லிக்கும் பாடிய பாட்டுகள் இசைத்தட்டுகளாக அவ்வீடுகளுக்கு வந்தன. சுமை தூக்கி வந்தவனும் திண்ணையில் விளையாடிய பிள்ளையும் அவற்றைக் கேட்டார்கள்.

வணிகர் வீட்டுத் திண்ணையில் நின்ற இந்த ரசனையை ஊர் முழுவதற்கும் பொதுவாக்கியது வானொலி. 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்ற உறுதியான எண்ணம் கொண்டவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் அப்பாட்டுகள் அநேகமாக மறைந்தே போயின. டில்லி மூடிய கதவைக் கொழும்பு திறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலுவான ஒலிபரப்புக் கருவிகள் இலங்கை வானொலியின் வசம் இருந்தன. 1952 டிசம்பர் முதல் புதன்கிழமை இரவுகளில் அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலா அங்கிருந்து இந்தியா முழுவதும் கேட்டது. தமிழ் பேசும் வீடுகளுக்கு மயில்வாகனனின் குரல் வந்தது. பிற்காலத்தில் மலையாளப் பாட்டுகளுக்கென ஒதுக்கிய பொழுதில் சரோஜினி சிவலிங்கத்தின் குரல் கேரளம் எங்கும் பரிச்சயமாயிற்று. டில்லி தன் பிழையை உணர்ந்தாற்போல் 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கியபோது, ஒரு தலைமுறையின் செவி ஏற்கெனவே கொழும்புக்குப் பழகிவிட்டிருந்தது. ஜனங்களின் ருசியைத் திருத்த முயன்ற ஓர் அமைச்சரின் உத்தரவு, கடலுக்கு அப்பாலிருந்த ஒரு நிலையத்தை இந்தியக் குழந்தைகளின் பால்யத்தோடு பிணைத்துவிட்டதை அக்காலத்து நிர்வாக வரலாற்றின் முக்கியமான சம்பவங்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அந்நாளில் வானொலிப் பெட்டி எல்லாருக்கும் வாய்த்த பொருள் அன்று. விலை அதிகம், தபாலாபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் வேறு கட்ட வேண்டும். நெருக்கமான சந்துகளில் ஓரறை வீடுகளில் வாழ்ந்த மட்டாஞ்சேரித் தொழிலாளருக்கு வானொலி என்றால் சாயாக்கடை வானொலிதான். பிள்ளைகள் உள்ளே போய் உட்கார முடியாது, கையில் காசில்லை. ஆகையால் வெளியே நின்றார்கள், நின்றபடியே பாட்டைப் பாடம் செய்தார்கள். பாஷை தெரியாத பாட்டை ஓசையாகவே மனத்தில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய தகப்பன்மார் கடையின் உள்ளே இருந்தார்கள். துறைமுகத்தில் அன்றைக்கு வேலை கிடைக்குமா என்று காத்திருந்தார்கள். சாப்பை என்னும் உலோக வில்லையைக் கூட்டத்தின் நடுவே கங்காணி வீசியெறிவான். அடித்துப் புரண்டு அதைப் பொறுக்கியவனுக்கே அன்று வேலை. மனிதரை மனிதர் இவ்வளவு இழிவாக நடத்திய முறை வேறொன்று அரிது. அதை ஒழிக்க எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்களான சைதும் சைதலவியும் குண்டுபட்டு இறந்தார்கள். இப்போது இனிமையாக நினைக்கப்படும் பாட்டுகள் இப்படிப்பட்ட ஆண்டுகளில் கேட்கப்பட்டவை என்பதை மறந்துவிட்டு அந்தப் பால்யத்தைப் பொன்னுலகமாக வருணிப்பது அந்தத் தகப்பன்மாருக்குச் செய்யும் அநீதி.

இந்தச் சந்துகளிலிருந்து எழுந்த குரல்தான் மெஹபூப். 1926இல் கொச்சியில் தக்கணி முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். வறுமையால் முறையான கல்வி வாய்க்கவில்லை. பிரிட்டிஷ் படை முகாமில் சிறு வேலைகள் செய்து திரிந்த பிள்ளைப் பிராயத்திலேயே பாடத் தொடங்கினார் என்று ஊரார் சொல்வார்கள். 1951இல் வெளிவந்த ஜீவித நௌகா என்ற மலையாளப் படத்தை இயக்கியவர் கே. வேம்பு, இசையமைத்தவர் வி. தட்சிணாமூர்த்தி. ஹிந்தி மெட்டுகளை அப்படியே எடுத்து வேற்று மொழிச் சொற்களைப் பெய்து பாடுவது தமிழிலும் மலையாளத்திலும் அக்காலத்துச் சினிமா வழக்கமாதலால், 1949இல் துலாரி படத்துக்காக நௌஷாத் இசையில் முகமது ரஃபி பாடிய இரவுப் பாட்டின் மெட்டில் அமைந்த சோகப் பாட்டு ஒன்றை மெஹபூப் அதிலே பாடினார். சாயாக்கடை வானொலியில் ரஃபியின் குரலில் கேட்ட மெட்டைத் தம் சந்தில் நடமாடும் மனிதரின் குரலில், தமக்கு விளங்கும் பாஷையில் கேட்டபோது அப்பிள்ளைகளுக்கு உண்டான பரவசத்தை அவர்களில் எவரைக் கேட்டாலும் இன்றும் குரல் உயர்ந்துதான் சொல்கிறார்கள். தூரத்துப் பம்பாயில் பிறக்கும் சங்கீதம் தங்கள் ஊராலும் இயலும் என்று அவர்கள் அறிந்த தருணம் அது.

இரவல் மெட்டுகளின் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1954இல் ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் சேர்ந்து இயக்கிய நீலக்குயில், கேரள நாட்டுப்புற வாசனையோடு கே. ராகவன் அமைத்த இசையால் மலையாளச் சினிமாப் பாட்டுக்குச் சொந்த முகத்தைத் தந்தது. அப்படத்தைத் தயாரித்த டி.கே. பரீக்குட்டியும் கொச்சிக்காரரே. அதிலும் மெஹபூப் பாடினார். அதன் பின்னும் பல படங்களில் பாடினார். ஆயினும் சினிமா அவரை முழுவதும் தனதாக்கிக்கொள்ளவில்லை. சென்னை ஸ்டூடியோக்களில் காத்துக் கிடப்பதைவிட மட்டாஞ்சேரிக் கல்யாண வீடுகளில் நண்பர் சூழ அமர்ந்து பாடுவதையே அவர் விரும்பினார். ஹார்மோனியமும் தபலாவும் வந்து பாயில் அமர்ந்தால், எந்த மதத்தார் வீட்டுக் கல்யாணம் என்று பாராமல் தெருவே திரளும். மேப்பள்ளி பாலன் எழுதிய எளிய பாட்டுகளை, கொச்சித் தெருவின் பேச்சில் அமைந்தவற்றை, மெஹபூப் அங்கேதான் பாடினார். கேட்க வந்தவர்கள் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள்.

பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு சினிமாவையும் செய்துகொண்டார்கள். கொட்டகை வாசலில் சில அணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்தார்கள். அறுந்து எறியப்பட்ட பிலிம் துண்டுகளைப் பொறுக்கிப் பண்டமாற்றுச் செய்தார்கள். எரிந்துபோன மின்விளக்குக் குமிழியின் அடியை உடைத்துத் தண்ணீர் நிரப்பினால் அது உருப்பெருக்கும் கண்ணாடியாகும். வெளியே ஒருவன் முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்ப, இருட்டறையில் மற்றவன் குமிழியின் முன் பிலிமைப் பிடிக்க, வேட்டித் திரையில் நர்கிஸோ சிவாஜியோ தலைகீழாகத் தோன்றாதபடி பிலிமைத் திருப்பி வைக்கத் தெரிந்தவனே அக்கூட்டத்துக்குத் தலைவன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஊருக்கு ஊர் நடந்த விளையாட்டு இது. ஆனால் ஊமைப் படத்துக்குப் பின்னிருந்து குரல் கொடுக்க ஒரு பாடகன் வேண்டுமே. மட்டாஞ்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை.

1970களில் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் டூ இன் ஒன் பெட்டிகளோடு திரும்பியதும் இந்த வாழ்வு மாறத் தொடங்கிற்று. பாட்டு வீட்டுக்குள் வந்தது; விரும்பியபோது விரும்பியதைக் கேட்கலாம் என்றானது. அது நல்ல மாற்றமே. வெயிலில் நின்ற பிள்ளை வீட்டில் அமர்ந்து கேட்டதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. 1980 ஜூலை 31ஆம் தேதி ரஃபியும், 1981 ஏப்ரல் 22ஆம் தேதி மெஹபூபும் காலமாயினர். அடுத்தடுத்து வந்த அந்த இரண்டு மரணங்களும் ஒரு யுகத்தின் எல்லைக்கற்கள் என்றே ஊரார் பேசினர். 1987 ஜனவரியில் ராமாயணத் தொடர் தூரதர்ஷனில் தொடங்கியபோது சிறுவராயிருந்தவர்களின் பால்யம் கண்ணுக்குரியதாயிற்று. அவர்களது ஞாபகமும் இந்தியா முழுவதற்கும் ஒன்றாயிற்று. மட்டாஞ்சேரிக்கே உரியது என்று அதில் குறைவாகவே உண்டு.

பழைய மரபோ அற்றுப் போகவில்லை. மட்டாஞ்சேரியில் வளர்ந்த உம்பாயி பம்பாய் சென்று ஹிந்துஸ்தானி பயின்று திரும்பி, கஜலை மலையாளத்தில் பாடிக் காட்டினார். 2018இல் அவர் மறைந்தபோது கேரளம் முழுவதும் துக்கப்பட்டது. மெஹபூபின் பெயரால் அமைந்த இசைக்குழு அவருடைய பாட்டுகளை மேடையேற்றி வந்திருக்கிறது. ஆயினும் சினிமாவுக்கு வெளியே அவர் பாடியவற்றில் பெரும்பகுதி இசைத்தட்டில் ஏறவில்லை. கல்யாண இரவுகளில் அவர் மெட்டை வளைத்த விதமும், சபையைப் பார்த்துச் சேர்த்த அடிகளும், அன்று பந்தலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் ஞாபகத்திலன்றி வேறெங்கும் இல்லை. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியத்தைக் காப்பதில் காட்டும் சிரத்தையை இதிலும் காட்டி, அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தாக வேண்டும், அதுவும் தாமதமின்றி. 1955இல் பத்து வயதாயிருந்தவர் இப்போது எண்பதை எட்டிவிட்டார்.