உஸ்தாத் வந்துவிட்டார்!

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர். அங்கே ஒரு திருமண விருந்து. பந்தியிலே அமர்ந்திருந்தார் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். படையிலே பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரில் வழக்கென்றால் அவரைத்தான் நாடுவர். எவர் முன்னும் தலை தாழாதவர் என்று பெயரெடுத்தவர். இலையிலே சோறு விழுந்து குழம்பும் ஊற்றியாயிற்று. அவ்வேளையில் கைத்தடி ஊன்றி, பேரன் தோளைப் பற்றிக்கொண்டு, பந்தலுக்குள் நுழைந்தார் வேறொரு முதியவர்.

அவ்வளவுதான்! பெரியவர் எழுந்தார். எழுந்தார் என்றால் போதாது, விறைத்து நின்றார்! குதிகால்கள் ஒட்டின. கைகள் தொடையோடு படிந்தன. சோறு பட்ட விரல்கள் வெள்ளை வேட்டியிலே கறை செய்ததை அவர் அறியவில்லை. "உஸ்தாத்" என்று மட்டும் உதடு முணுமுணுத்தது.

உஸ்தாத் என்பது ஆசான் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். புதிதாகச் சேர்ந்தவனை நடக்கவும் நிற்கவும் திரும்பவும் பழக்கும் நாயக்கையும் அவில்தாரையும் இந்தியப் படையிலே அப்படித்தான் அழைப்பர்.

கை கழுவியபின் பெரியவரிடம் கேட்டோம்: "உங்களை அவர் அடித்திருக்கிறாரா, ஐயா?"

"ஒரு நாளும் கை நீட்டினதில்லை தம்பி. குரல்தான்."

"இன்று அவர் உங்களை என்ன செய்துவிட முடியும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது. அது எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலையே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அச்சிரிப்பு நம்மைச் சிந்திக்க வைத்தது. ஐம்பதாண்டுகளுக்கு முன் சில திங்கள் கேட்ட குரல், சட்டை கழன்று, சம்பளம் நின்று, தலை நரைத்த பின்னும் ஒரு மனிதனின் முழங்காலிலே குடியிருக்கிறது! இதை மதிப்பு என்பர் சிலர். நன்றி என்பர் வேறு சிலர். மதிப்பும் நன்றியும் அதிலே கலந்திருக்கலாம். எனினும் அடியிலே கிடப்பது அச்சம். அந்த அச்சம் இந்த மதுரை மண்ணிலே எப்போது, எவரால், எதற்காக விதைக்கப்பட்டது?

இந்தச் சமவெளியிலே வீரர்க்குப் பஞ்சம் இருந்ததில்லை. வளரி வீசினர், வேல் பிடித்தனர், புதர் மறைவிலே பதுங்கிப் பாய்ந்தனர். பாளையக்காரருக்காகப் போர் புரிந்தவர்கள் போர் முடிந்ததும் உழவுக்குத் திரும்பினர். நூறு பேர் ஒரே வரிசையில் நின்று, ஒரே நொடியில் இடக்காலைத் தூக்குவது அவர்கள் அறியாத கலை.

அந்தக் கலையைக் கொணர்ந்தவன் ஐரோப்பியன். 1746-இல் அடையாற்றங்கரையில் நவாபின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரரின் சிறுபடை சிதறடித்தது. அச்சிறு படையிலே, பயிற்சி பெற்ற நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். வென்றது துப்பாக்கி மட்டுமன்று, வரிசையுமே என்பதை ஆங்கிலேயர் கண்டுகொண்டனர். 1748-இல் வந்து சேர்ந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ், சென்னைச் சிப்பாய்களை ஐரோப்பிய முறையிலே பழக்கலானான்.

ஏன் அந்த வரிசை? அன்றைய துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் வாய் வழியே மருந்திட்டுக் குண்டிட்டுக் கோலால் இடித்து நிரப்ப வேண்டும். நூறு கசத்துக்கு அப்பால் அது குறி தவறும். ஆகவே ஒருவன் சுட்டுப் பயனில்லை. நூறு பேர் சேர்ந்து சுட வேண்டும். எதிரி சுடும்போது பக்கத்து ஆள் விழுந்தாலும் ஓடாமல், கை நடுங்காமல், மருந்தை இடிக்க வேண்டும். ஓடத் துடிப்பது இயற்கை. அந்த இயற்கையை வெல்ல, குண்டைவிடக் கொடியதொன்றை அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினர். பகைவனைவிடத் தன் மேலாளுக்கே சிப்பாய் மிகுதியாக அஞ்ச வேண்டும் என்பது பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடரிக்கின் கொள்கை. ஐரோப்பா முழுவதும் அதைப் பாடமாகக் கொண்டது.

சிற்றூர் இளைஞனுக்கு ‘லெப்ட்’டும் ‘ரைட்’டும் விளங்கவில்லை. ஒரு காலிலே ஓலையும் மறுகாலிலே சீலைத் துண்டும் கட்டி, “ஓலைக்கால், சீலைக்கால்” என்று நடக்கப் பழக்கியதாக நம் பக்கத்திலே ஒரு சொல்வழக்கு உண்டு. கேட்டு நகைக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் வைக்கோல் ஒரு காலுக்கும் உலர்புல் மறுகாலுக்கும் கட்டிப் பழக்கியதாகக் கதை வழங்குகிறது. வெள்ளை உழவனும் கறுப்பு உழவனும் அந்தத் திடலிலே ஒரே நிலைதான்!

அப்படிப் பழகியவர்களில் தலைசிறந்தவன் நம் மதுரையை ஆண்ட கான் சாகிபு யூசுப்கான். இராமநாதபுரம் சீமைப் பனையூரிலே பிறந்தவன் என்பர். கம்பெனியின் சிப்பாயாகக் கிளைவின் கீழும் லாரன்சின் கீழும் போரிட்டான். சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவனாக உயர்ந்தான். தன்னைச் சற்றும் பேணாமல் முன்னே செல்பவன், துணிவும் நிதானமும் ஒருங்கே உடையவன் என்று லாரன்சே புகழ்ந்தான். 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்குப் பெற்று ஆளத் தொடங்கினான். பின்னர் நவாபுக்கும் கம்பெனிக்கும் பணிய மறுத்தான்.

1763-இல் மதுரைக் கோட்டையைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டது. வெளியே நின்ற சிப்பாய்களை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இவன் சொல்லுக்கு அடி எடுத்து வைத்தவர்கள் அவர்களிடையே இல்லாதிருந்திருக்க முடியாது. தமக்குக் கட்டளையிட்ட அதே குரல் இப்போது கோட்டைமதிலின் மேலே! மழை தொடங்கியது, முற்றுகை கலைந்தது. மறு ஆண்டு ஜூன் திங்களிலே பாய்ந்த பாய்ச்சலும் முறிந்தது. பட்டினியும் காட்டிக்கொடுப்புமே அவனை வீழ்த்தின. கூடவிருந்தவர்களே பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் அவனைத் தூக்கிலிட்டனர்.

அதன்பின் நடந்ததாக மக்கள் சொல்வதே நமக்கு முதன்மையானது. தூக்குக் கயிறு அறுந்ததாம். மீண்டும் ஏற்றினராம். உடலைத் துண்டாக்கி, தலையை ஓர் ஊருக்கும் கைகால்களை வேறு ஊர்களுக்கும் அனுப்பினராம். எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்திலே புதைக்கப்பட்டதாகச் சொல்கின்றனர். அங்கே அவன் பெயரால் பள்ளிவாசல் இருக்கிறது. கயிறு அறுந்த கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் இக்கதை ஏன் பிறந்தது? செத்தவன் எழுந்து "அணி வகுத்து நில்" என்றால் நின்றுவிடுவோமோ என்று அவன் பழக்கிய படையே அஞ்சியிருக்கும் என மக்கள் எண்ணியிருக்கிறார்கள். நவாபும் கம்பெனியும் அந்த அச்சத்துக்கு விலக்கல்லர் என்றும் எண்ணியிருக்கிறார்கள். கான்சாமேட்டுத் தெருவிலே இன்று நடப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரின் பின்னே நிற்கும் ஆளை நினைக்கிறார்களோ!

அச்சத்தின் மற்றொரு முகத்தைக் காண வேலூருக்குச் செல்ல வேண்டும். பாளையக்காரர் போர் 1801-இல் ஓய்ந்தது. பிழைப்பிழந்த தென்சீமை வீரர் பலர் கம்பெனிப் படையிலேயே சேர்ந்தனர். வேலூரிலிருந்த 23-ஆம் பிரிவிலே திருநெல்வேலிச் சீமையார் மிகுதி. அக்காலத்திலே தலைமைத் தளபதி ஜான் கிராடக் புது விதி வகுத்தான். அணிவகுப்பிலே நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதிலே கடுக்கன் கூடாது, முகவாய் மழித்திருக்க வேண்டும், தோல் பதக்கம் பொருத்திய புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். 1806 மே திங்களில் அத்தலைப்பாகையை மறுத்த சிப்பாய்கள் 21 பேரைப் படைமன்றத்தில் நிறுத்தினர். இருவருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி! ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஏனையோர்க்கு ஐந்நூறு. வருந்தி வணங்கியதால் அவர்களை மன்னித்தனர்.

இங்கே சற்று நிற்போம். நெற்றியிலே சாதிக்குறி கூடாது என்பது நமக்குக் கசக்கும் விதியா? இல்லை, இனிக்கும் விதி. ஆயினும் கிராடக்கைப் பாராட்ட நம்மால் இயலவில்லை. சாதி தீது என்று எண்ணி அவன் அக்குறியை அழிக்கச் சொல்லவில்லை. எல்லாத் தலையும் ஒரே அச்சிலே வார்த்தவை போல் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சொன்னான். காரணம் சொல்லாமல் கசையைக் காட்டினான். விளைவு? அதுவரை குறியைப் பொருட்படுத்தாதவனும் அதைத் தன் உயிராகக் கருதினான்!

ஜூலை 10-ஆம் நாள் காலை, படைப்பயிற்சிக்காக அணிவகுக்க வேண்டும். அதற்காகவே முந்தைய இரவு சிப்பாய்கள் கோட்டைக்குள் தங்கினர். எவ்வளவு பொருத்தம்! அணிவகுப்புக்குக் கூடியவர்களே விடியுமுன் துப்பாக்கியைத் திருப்பினர். வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் நேர்ந்ததைப் பாருங்கள். கட்டளையிட எவரும் இல்லாததால் வரிசை கலைந்தது. பலர் கொள்ளையிலே இறங்கினர். கோட்டை வாயில் உறுதியாகக் காக்கப்படவில்லை. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் பாய்ந்து வந்த கில்லெஸ்பி, சில நூற்றுவரைக் கொன்று குவித்தான். அச்சத்தால் பழக்கப்பட்டவனுக்கு, அஞ்சத்தக்கவன் மறைந்தவுடன் தானாக நிற்கும் ஆற்றல் வாய்க்கவில்லை. வீரத்திலே அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். தாமே எண்ணிச் செயற்படுவதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

கிராடக்கையும் சென்னை ஆளுநரையும் 1807-இல் திரும்ப அழைத்தனர். அந்த ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். அவனே பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராகி, 1835-இல் இந்தியச் சிப்பாய்க்குக் கசையடியை ஒழித்தான். வேலூர் அவன் நெஞ்சிலே வடுவாக இருந்திருக்கும் போலும். ஆனால் 1845-இல் கசை மீண்டும் வந்தது. இங்கிலாந்தின் சொந்தப் படையிலே 1881-இல் ஒழிந்த கசை, நம்மவர் முதுகிலிருந்து சட்டப்படி இறங்கியது 1920-இல்தான்!

கசை இறங்கிற்று. குரல் இறங்கவில்லை. திருமங்கலத்துப் பெரியவரை ஒருவரும் அடிக்கவில்லையே, பின் ஏன் நடுங்கினார்? ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார். ஓர் ஒலியைத் தொடர்ந்து உணவு தந்து பழக்கினால், ஒலி கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும். உணவை நிறுத்தினால் நாளடைவில் எச்சிலும் நிற்கும். ஆனால் சிறிது ஓய்வுக்குப் பின் ஒலித்தால், மறைந்ததென்று கருதிய பழக்கம் மீண்டும் தலை காட்டும்! அழியவில்லை, அடங்கியே கிடந்தது. காலுக்குத் தெரியவில்லை என்றாரே பெரியவர், பாவ்லோவ் சொன்னதும் அதுவே.

அச்சமின்றிப் படை பழக்கவே முடியாதா? 1778-இல் பென்சில்வேனியாவின் வாலி போர்ஜ் பாசறையில், பிரடெரிக்கின் படையிலே பயின்ற ஸ்டூபென் என்பவர் அமெரிக்கப் படைக்குப் பயிற்சியளித்தார். ஐரோப்பியச் சிப்பாயிடம் ‘செய்’ என்றால் செய்கிறான், இவனிடமோ ‘காரணம் இது’ என்று விளக்கிய பிறகே ‘செய்’ என்னவேண்டியிருக்கிறது என்று நண்பருக்கு எழுதினார். எரிச்சலோடு எழுதினாரோ, வியப்போடு எழுதினாரோ! அந்தப் படைதான் ஆங்கிலப் பேரரசை எதிர்த்து வென்றது. மாறாக, பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் பயிற்சியாளன் மார்ட்டினே, கண்டிப்பின் மிகுதியால் தன் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல்லாக விட்டுச் சென்றான். 1672-இல் போர்க்களத்திலே அவனைக் கொன்றது பகைவன் குண்டன்று, சொந்தப் படையின் குண்டு. தவறிப் பட்டது என்றே வரலாறு கூறுகிறது.

பந்தலுக்குத் திரும்புவோம். கைத்தடி ஊன்றிய முதியவர், விறைத்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எத்தனை நூறு பேரைப் பழக்கியவர்! கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரப்பா நீ, பேரென்ன?" என்று அன்பாகத்தான் கேட்டார். பெரியவர் பெயரைச் சொல்லவில்லை. தம் படை எண்ணைச் சொன்னார்.