'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்': பெற்றோர் சினந்தது எதன்மேல்?

1992 ஜூனில் டிம் பர்ட்டனின் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வெளியானபோது, அமெரிக்க விமர்சகர் பலர் அதன் இருண்ட காட்சியழகையும் கேட்வுமனாக நடித்த மிஷெல் ஃபைஃபரையும் பாராட்டினர். பெற்றோரோ சினந்தனர். வாயில் கருந்திரவம் வழியும் பென்குயின், கோத்தம் நகரின் தலைச்சன் பிள்ளைகளைக் கடத்திக் கொல்லத் திட்டமிடும் படம் அது. பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 சான்றிதழும் பெற்றிருந்தது. அதன் பொம்மைகளைத்தான் மெக்டொனால்ட்ஸ் சிறுவர் உணவுப்பெட்டியில் வைத்து விற்றது. ஆக, கண்டனத்துக்குள்ளானது படத்தின் இருள் மட்டுமன்று. அவ்விருளைச் சிறுவர்க்கெனக் கூவி விற்ற வணிகமும்தான். ஆயினும் தண்டனை பர்ட்டனுக்கே! (முதற்படம் உலகளவில் 40 கோடி டாலரைக் கடந்திருக்க, இது 27 கோடியை எட்டாததும் ஒரு காரணம்.) வார்னர் நிறுவனம் அடுத்த படத்தின் இயக்கத்தை ஜோயல் ஷூமாக்கரிடம் ஒப்படைத்தது. 1995இல் வண்ணமயமாக வந்த 'பேட்மேன் ஃபாரெவர்' வசூலில் முந்தியது. 1997இல் அவரே இயக்கிய 'பேட்மேன் அண்ட் ராபின்' பொம்மை விளம்பரமென எள்ளப்பட்டது.